பின்வரிசைக்குப் போன அண்ணன்

தராசுத் தட்டில் பாதி ஏற்றிய நைலான் கயிறு. மீதிப் பாதி தரையில் சுருண்டு கிடக்கிறது. எதிரே இடுப்பில் கை வைத்தபடி ஒரு படகுக்காரர் நிற்கிறார். அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான், ஆனால் அண்ணன் அதில் இல்லை. அவர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்களுக்குப் படகுச் சாமான் கடை. மீன்பிடித் தடைக்காலம் முடிய அன்று இரண்டே நாள் பாக்கி. வாரக்கணக்கில் கரையில் கிடந்த படகுகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கயிறும் வலையும் மிதவையும் வேண்டும். கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. "பாய், ஒங்க அண்ணன் எங்க போனாரு? எடை போட்டுகினே இருந்தவரு, தோ வந்துட்டேன்னுட்டுப் போயிட்டாரு" என்றார் அந்தப் படகுக்காரர். காலையிலிருந்து அது நாலாவது தடவை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பொதுவாகவே எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், குரலும் பெரிது.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்கள் தகப்பனார், அத்தா, இறந்த பிறகு கடையையும் என்னையும் சேர்த்தே தூக்கி நிறுத்தியவர். அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளாக அவருக்கு பக்தி முற்றிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நினைக்காமல் என்ன செய்வது? கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளிப் பள்ளிவாசல். ஐந்து வேளைத் தொழுகைக்குப் போகிறவர் பத்து வேளை போக ஆரம்பித்தார். வீட்டில் அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "ராத்திரியில மூணு வாட்டி எழுந்திரிக்கிறாரு தம்பி. தஹஜ்ஜுத்து விடறதே இல்ல. நான்தான் பாவி, தூங்கிப்போயிடறேன்" என்று என்னிடம் சொல்வார். தஹஜ்ஜுத் என்பது கடமை இல்லை. ஊர் உறங்கும் நேரத்தில் எழுந்து விருப்பத்தோடு தொழுவது. அதைத் தவறாமல் தொழுகிறவருக்கு எங்கள் மக்களிடையே தனி மரியாதை. அண்ணி இந்தச் சேதியைத் தவளக்குப்பத்தில் இருக்கும் தன் தங்கை வரைக்கும் கொண்டு சேர்த்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தால் சொந்தக்காரர்கள் தங்களுக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி அண்ணனிடம் துஆ கேட்டு வந்தார்கள். அவரோ தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்து அனுப்பிவிடுவார்.

அதே சமயம் பள்ளிவாசலில் இன்னொன்று நடந்தது. இருபது வருடம் முன்வரிசையில் நின்று தொழுத அண்ணன், கடைசி வரிசைக்கு, அதுவும் கதவோரத்துக்குப் போய்விட்டார். தொழுகை முடிந்த கையோடு ஆளைக் காணோம். பாய்க்கு நிர்வாகத்தின் மேல் மனஸ்தாபம் என்று பேச்சு கிளம்பியது. கூரைக்கு வெள்ளை அடித்தபோது அவரைக் கலந்துகொள்ளவில்லையாம், அதில் கோபமாம். பெரியவர்கள் கூடிப் பேசி, அவரைச் சமாதானப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அடுத்த முத்தவல்லியாக, அதாவது பள்ளிவாசல் நிர்வாகியாக, அவரையே போட்டுவிடுவது. கடைக்கே வந்து கேட்டார்கள். "எனக்குத் தகுதி இல்ல, விட்டுடுங்க" என்று சொன்ன அண்ணனின் முகம் செத்துப் போயிருந்தது. என்ன தன்னடக்கம் பாருங்கள் என்று அதற்கும் பாராட்டு. நானும் பாராட்டினேன். ஒரு மனிதனின் உடம்பு ஆறு வருடமாகக் கொடுத்த சாட்சியை ஒரு தெருவே கூடித் தப்பாகப் படித்தது. கூடவே இருந்த தம்பி நான்தான் அதில் முதல் முட்டாள்.

அன்று கயிற்றை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். தொழும் இடத்தில் அவர் இல்லை. பின்கட்டில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் குழாய்களைத் தாண்டி, கழிப்பறைக் கதவுக்கு வெளியே அவர் செருப்பு கிடந்தது. "அண்ணே, உள்ள இன்னா பண்றீங்க? கடையில ஊரே நிக்குது!" என்று கத்தினேன். கதவைத் தள்ளினேன், தாழ் போட்டிருக்கவில்லை. நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "வரலடா. காலையிலருந்து ஒரு சொட்டு வரலடா" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அடிவயிறு உப்பிக் கல்லாக இருந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தோளில் கை போட்டு அணைத்து ஆட்டோவில் ஏற்றினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் என் தொடையைப் பிடித்து நசுக்கினார். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். பை நிறைந்து, இன்னொரு பையும் மாற்ற வேண்டியிருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வாழ்நாளில் அவர் இறைவனைப் புகழும் அந்தச் சொல்லை அவ்வளவு மனமாரச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எத்தன வருஷமா இந்தத் தொந்தரவு?" என்று டாக்டர் கேட்டார். "ஆறு வருஷம் இருக்கும்." நான் அங்கேயே கத்திவிட்டேன்: "ஆறு வருஷமாவா? யார்கிட்டயாவது ஒரு வார்த்த சொன்னா இன்னா?" அண்ணன் படுத்தபடியே என்னைப் பார்த்தார். "யார்கிட்டடா சொல்றது? உன்கிட்டயா? நீ கத்துவ. உங்க அண்ணிகிட்டயா? அவ தஹஜ்ஜுத்துன்னு நெனச்சிக்கினா. மொத நாளே இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் ஊரே சொல்லிச்சு. நான் எந்த மொகத்தோட இல்லன்னு சொல்றது?" அவர் இரவில் எழுந்தது சிறுநீர் கழிக்க. பள்ளிவாசலுக்குப் பத்து முறை போனது, எங்கள் கடையில் கழிப்பறை இல்லாததால். கடைசி வரிசையில் நின்றது, சொட்டு விழுந்து ஒளு என்னும் அந்தச் சுத்தம் முறிந்துவிட்டால் யார் கண்ணிலும் படாமல் கதவு வழியே நழுவுவதற்காக. கத்துகிறவனிடம் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. வயதானால் அது பெரும்பாலானவர்களுக்கு வீங்கும். அந்த வீக்கம் எல்லாமே புற்றுநோய் ஆகிவிடாது. மாத்திரையிலேயே கட்டுப்படுவதுதான் அதிகம். ஆனால் எது எந்த வகை வீக்கம் என்று சோதித்துப் பார்க்காமல் தெரியாது. ஒரு ரத்தப் பரிசோதனை, பி.எஸ்.ஏ. என்று பெயர். பின்வழியாக விரல் விட்டுத் தடவிப் பார்ப்பது, அரை நிமிட வேலை. அதற்கு அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பல்லைக் கடித்தார். டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு சதையைக் கிள்ளிப் பரிசோதித்தார்கள், எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய்தான், இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. "ஆரம்பத்துல புடிச்சிருந்தா ஆபரேஷன், கதிர்வீச்சு, இல்லன்னா சும்மா கண்காணிச்சுட்டே இருக்கறதுன்னு வழி நெறைய. இப்ப முழுசா குணப்படுத்த முடியாது. கட்டுப்படுத்தலாம்" என்றார். அந்த நோய்க்குத் தீனி போடும் ஆண் ஹார்மோனை நிறுத்த வேண்டும். விதைகளை எடுக்கலாம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அண்ணன் ஊசி என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கூடப் பொறந்தவங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். நீங்க பாத்துட்டீங்களா?" எனக்கு ஒன்றும் இல்லை சார், நான் நன்றாகத்தான் போகிறேன் என்றேன். "நல்லாப் போறவங்களுக்குத்தான் சார் இந்தப் பரிசோதனையே. தொந்தரவு வர்ற வரைக்கும் காத்திருந்தா என்ன ஆகும்னு பாத்துட்டீங்கல்ல." தலையாட்டிவிட்டு வந்தேன், போகவில்லை. கடை, கல்யாணம், நோன்பு என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சாக்கு இருந்தது. உண்மையான காரணம் பயம்தான்.

ஊசி அண்ணனுக்கு வேலை செய்தது. முதுகு வலி குறைந்தது. ஆனால் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும். மின்விசிறிக்கு அடியில் போய் நிற்பார். "எனக்கு அது நின்ன வயசுல இப்படி வந்தப்ப கிண்டல் பண்ணீங்களே, இப்ப தெரியுதா?" என்று அண்ணி முந்தானையால் விசிறியபடி சிரிப்பார். சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய் அழுவார். அண்ணன் அழவில்லை. ஒருநாள் எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இளம் ஹஜ்ரத் பார்க்க வந்தார். இன்னும் எடுக்காத சிறுநீர்க் குழாயும் பையும் மாட்டியபடி தொழலாமா என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தாராளமா. அடக்க முடியாத சீக்கு உள்ளவருக்கு மார்க்கத்துல சலுகை இருக்கே. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ஒளு, அவ்வளவுதான். நடுவுல சொட்டினாலும் தொழுகை கூடும். இத மொதல்லயே என்கிட்ட கேட்டிருக்கலாமே பாய்" என்றார் ஹஜ்ரத். அண்ணன் வேட்டிக்குள் பையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "வர்ற ஜும்மாவுக்கு அப்புறம் எனக்கு அஞ்சு நிமிஷம் மைக் குடுக்கணும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், முத்தவல்லி பதவியை ஏற்றுக்கொள்ளத்தான் எழுந்திருக்கிறார் என்று பலரும் நினைத்தார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பை வேட்டிக்குள் இருந்தது. "எல்லாரும் என்னை தஹஜ்ஜுத் தொழுவுற ஆளுன்னு சொல்றீங்க. நான் தஹஜ்ஜுத்துக்கு எழுந்திரிக்கல. மூத்திரம் பேய எழுந்திரிச்சேன். கோவிச்சிக்கினு பின்வரிசைக்குப் போவல. ஒழுவுதுன்னு போனேன். வெக்கப்பட்டு ஆறு வருஷம் மறைச்சேன். இப்ப எலும்பு வரைக்கும் போயிடுச்சு. அம்பது தாண்டின ஆம்பளைங்க, வீட்டுல யாருக்காவது இருந்தா நாப்பத்தஞ்சுலயே, டாக்டரப் போய்ப் பாருங்க. ஒரு ரத்தம் குடுக்கறதுக்கும் ஒரு விரலுக்கும் பயந்து நான் உசுரக் குடுத்துட்டேன்." நடுவரிசையில் ஒருவர் எழுந்தார்: "பாய், பள்ளிவாசல்ல பேசற பேச்சா இது?" அண்ணன் வாயைத் திறப்பதற்குள் ஹஜ்ரத் பதில் சொன்னார். "மார்க்கப் புத்தகத்துல மொதப் பாடமே சுத்தமும் ஒளுவும்தான். இத இங்க பேசாம வேற எங்க பேசறது?" எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பேச்சை முடிக்கவில்லை. கண்ணால் துழாவி என்னைக் கண்டுபிடித்து, "மொதல்ல என் தம்பி போவான். தோ ஒக்காந்திருக்கான் பாருங்க. இன்னும் போவல. வர்ற திங்கக்கிழம போவான்" என்றார். அத்தனை தலையும் திரும்பியது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவரைத் திட்டினேன். திங்கட்கிழமை போனேன்.

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. எண் கூடியிருந்தது. கிருமித் தொற்றிலும் கூடலாம் என்று சொல்லி மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் கூடியிருந்தது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது, சுரப்பிக்கு உள்ளேயே. வேகமாக வளரும் வகை என்பதால் காத்திருக்க வேண்டாம், கதிர்வீச்சோ ஆபரேஷனோ நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். ஆபரேஷன் என்றால் ஆறேழு மாதம் சிறுநீர் ஒழுகலாம், தாம்பத்தியத்திலும் சிரமம் வரலாம் என்பதையும் என் மனைவியை உட்கார வைத்தே சொன்னார். "மொதல்ல ஆளு இருக்கட்டும் சார்" என்றாள் அவள். ஆபரேஷன் என்று முடிவு செய்தோம். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் அல்லாடினேன். சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எலும்புக்குப் போச்சா?" போகவில்லை என்றேன். "நல்லாப் பாத்தாங்களா?" பார்த்தார்கள் என்றேன். "இன்னொரு தடவ சொல்லு." எலும்புக்குப் போகவில்லை அண்ணே என்று மறுபடி சொன்னேன். அவர் என் தலையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதார்.

டாக்டர் சொன்னதெல்லாம் நடந்தது. எட்டு மாதம் அணையாடை கட்டிக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்தேன். மற்ற சிரமமும் இருந்தது, கொஞ்சம் இன்னமும் இருக்கிறது. அதோடு வாழ நானும் மனைவியும் பழகிவிட்டோம். அண்ணன் அதன் பிறகு இரண்டு ரமலான் பார்த்தார். கடைசிவரை நாற்காலி போட்டு முன்வரிசையில்தான் தொழுதார். அவருடைய மகன்கள் இருவரையும் நாற்பத்தைந்து முடிந்த அன்றே நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். என் மகனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. "சரித்தா, சரித்தா" என்கிறான், விடப்போவதில்லை. கடைக்கு வருகிற படகுக்காரர்களிடமும் கேட்கிறேன். "கயிறு கேட்டா இன்னாத்த பாய் கேக்கற நீ?" என்று முறைக்கிறவர்கள் உண்டு. முறைக்கட்டும். இப்போதெல்லாம் நான் கத்துவதில்லை, மறுபடி கேட்கிறேன்.

அண்ணன் மவுத்தாகிக் கண்ணை மூடியபோது அவருக்கு அறுபத்தேழு. போன மாதம் எனக்கு அறுபத்தெட்டு முடிந்தது. தம்பி அண்ணனைவிட மூத்தவனாவது என்ன நியாயம் என்று அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் குடும்பத்தில் இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. அத்தனை பேர் முன்னால் தன் மானத்தை விட்டுக்கொடுத்து அவர் எனக்கு வாங்கித் தந்த வயது இது.