கயிற்றில் வந்த சைகை

இதை நான் இருட்டில் பார்க்கவில்லை. தூக்கத்தில் பார்க்கவில்லை. மார்ச் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், சுற்றிலும் ஐந்நூறு பேர் புகை போட்ட மீனைத் தின்றுகொண்டு நின்ற இடத்தில் நடந்தது. "பயத்தில் ஏதோ தோன்றியிருக்கும்" என்று ஆரம்பிக்கிறவர்கள் அதை முதலில் கவனிக்கட்டும். பயம் எனக்குப் பிறகுதான் வந்தது.

என் பெயர் தாயிசியா. கூப்பிடுவது தாயா. லிஸ்த்வியாங்காவில், பைக்கால் ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில், ஆட்களைப் பனிக்கு அடியில் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவது என் பிழைப்பு. பதினான்கு வருடம். கூட்டிப்போவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். திரும்பக் கூட்டிவருவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்று என் பொறுப்பில் ஒரே ஆள்தான். ரொடியோன். ஓம்ஸ்க் நகரத்துப் பல் டாக்டர், நாற்பத்துநான்கு வயது, நல்ல கனத்த உடம்பு. பலத்த காற்றால் மூன்று நாள் விடுதியிலேயே அடைந்து கிடந்தார். அன்று மாலை ஏழு மணிக்கு அவருக்கு ரயில்.

காலை ஒன்பது மணிக்குக் கரையில் இருந்த எங்கள் தகரக் கொட்டகையில் தேநீரோடு உட்கார்ந்து திட்டம் போட்டோம். தண்ணீர் பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரி. ஆழம் பன்னிரண்டு மீட்டர், அதற்குக் கீழே போவதில்லை. நேரம் இருபது நிமிடம். சிலிண்டரில் காற்றின் அழுத்தம் இருநூறு, நூற்றுமுப்பதைத் தொட்டதும் திரும்ப வேண்டும். மூச்சு விடும் ரெகுலேட்டர் குளிரில் உறைந்துபோகும் என்பதால் ஆளுக்கு இரண்டு. கயிறு நாற்பது மீட்டர்.

கயிற்றில்தான் நான் தப்பு செய்தேன். ஒரு ஆளுக்கு ஒரு கயிறு, ஒரு கயிற்றுக்கு மேலே ஒரு ஆள். அதுதான் எங்கள் முறை. ஆனால் இரண்டாவது கயிறு பிடிப்பவன் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டான். மிச்சம் இருந்தது ஜோரிக்தோ மட்டும். இந்த ஏரிக்கரையின் பூர்வகுடி, புரியாத் இனத்தவன். பதினோரு வருடமாக என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பனிமேல் நிற்பவன்.

"ஒத்தக் கயித்துல ரெண்டு பேரா? வேணாம் தாயா. நாளைக்கு வச்சுக்கலாம்."

"நாளைக்கு இவரு ஊர்ல யாரோட பல்லையாவது புடுங்கிக்கிட்டு இருப்பாரு."

"புடுங்கட்டுமே. அவரு புடுங்குறது பல்லு. நான் உங்க ரெண்டு பேரையும் சேத்துப் புடுங்கணும்."

ரொடியோன் சிரித்தார். பிறகு அவர் முகம் தொங்கிப்போயிற்று. "என்னால சிரமம்னா விட்ருங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கயிறு என் மார்பில், அவரை என்னோடு ஒரு குட்டை வாரால் பிணைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது நான்தான். ஜோரிக்தோ இல்லை.

சைகை இரண்டே இரண்டு. ஒரு இழுப்பு மேலிருந்து வந்தால் "நலமா?" கீழிருந்து போனால் "நலம்." விடாமல் தொடர்ந்து இழுத்தால், "மேலே இழு." அது வந்துவிட்டால் கயிறு பிடிப்பவன் யோசிக்கக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது, கை பிய்ந்தாலும் இழுக்க வேண்டும். இதில் எங்கள் ஆட்களிடம் விட்டுக்கொடுப்பே கிடையாது. கீழே இருப்பவனுக்கும் ஒரு விதி உண்டு. கயிற்றுக் கொக்கியைப் பனிக்கு அடியில் கழற்றவே கூடாது.

பனியில் முக்கோணமாக ஒரு துளை அறுத்தோம். அதைச் சுற்றிலும் மேலே கிடந்த பனித்தூளை வாரிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நீளப் பாதைகள் போட்டோம். கீழிருந்து பார்த்தால் அவை வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். எந்தக் கோட்டைப் பிடித்து வந்தாலும் துளைக்கு வந்துவிடலாம். ஜோரிக்தோ தங்கள் இன வழக்கப்படி மோதிர விரலால் பாலைத் தொட்டு ஏரிக்குப் படையலாகத் தெளித்தான். எதிலும் குறை வைக்கவில்லை. ஆகவே குற்றம் ஏதோ நடந்தது, அதற்குத் தண்டனை என்று யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வர வேண்டாம்.

"டாக்டரே, உள்ள போனா வாயத் தொறக்கக் கூடாது. உங்க பேஷண்டுங்ககிட்ட நீங்க சொல்றதுக்கு நேர் எதிர்," என்றான் ஜோரிக்தோ.

12.40. இறங்கினோம்.

பைக்கால் பனி கண்ணாடி மாதிரி. அடியிலிருந்து பார்த்தால் மேலே நடப்பவர்களின் பூட்ஸ் அடிப்பாகம் ஒவ்வொன்றும் தெரியும். கும்பல் கும்பலாக நடந்தார்கள். ஒரு பெண் குப்புறப் படுத்து எங்களைப் படம் எடுத்தாள். ரொடியோன் கையை ஆட்டினார். முகமூடிக்குள் அவர் கண்கள் சிரித்ததைப் பார்த்தபோது, கூட்டி வந்தது நல்லதுதான் என்று நினைத்தேன்.

12.44. ஒரு இழுப்பு. நலமா? ஒரு இழுப்பு கொடுத்தேன். நலம்.

12.46. மறுபடி. கொடுத்தேன்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது ஜோரிக்தோவின் வழக்கம். கடிகாரம் தவறினாலும் அவன் தவறமாட்டான். 12.47-க்கே இன்னொரு இழுப்பு வந்தது. அரை நிமிடத்தில் இன்னொன்று. குளிரில் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பதில் கொடுத்தேன்.

அப்போதுதான் அந்த பூட்ஸைக் கவனித்தேன்.

மற்றவர்கள் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இது மட்டும் எங்களுக்கு நேர் மேலே, எங்கள் வேகத்தில் வந்தது. நாங்கள் நின்றோம். அது நின்றது. நகர்ந்தோம். நகர்ந்தது. வேலையில்லாத பயணி எவனோ எங்கள் டார்ச் வெளிச்சத்தைத் துரத்துகிறான் என்று எரிச்சலாக இருந்தது.

கறுப்பு பூட்ஸ். பழசு. இடது காலில் லேஸ் அவிழ்ந்து தொங்கியது.

தொங்கியது...

மேலே நிற்பவனின் பூட்ஸைக் கீழிருந்து பார்த்தால் அடிப்பாகம்தான் தெரியும். லேஸ் தெரியாது. எனக்கு லேஸ் தெரிந்தது. முடிச்சும் தெரிந்தது. கணுக்காலும் தெரிந்தது.

பனிக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை அது. இந்தப் பக்கம். தலைகீழாக.

கணுக்காலுக்குக் கீழே டார்ச்சைக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடியில் ரொடியோனை மறந்தேன்.

12.51. அவர் என் தோளைத் தட்டினார். ரெகுலேட்டர் உறைந்து திறந்துகொண்டிருந்தது. காற்று கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதை மாற்றிக் கொடுப்பதற்குள் அவர் சிலிண்டரில் எண்பதுதான் மிச்சம். சரி, போதும். கயிற்றைப் பிடித்துத் தொடர்ந்து இழுத்தேன்.

மேலே இழு. மேலே இழு. மேலே இழு.

உடனே பதில் வந்தது. கயிறு விறைத்தது. எங்களை இழுத்தது.

ஆனால் வெளிச்சக் கோடுகள் தூரமாகப் போயின...

கயிற்றின் மேல் டார்ச்சை அடித்தேன். என் மார்பிலிருந்து அது மேலே போகவில்லை. கீழே போயிற்று. நேராகக் கீழே, கறுப்புக்குள்.

பதினான்கு மீட்டர். பதினேழு. ரொடியோன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடியில் என் விரல்கள் வலித்தன. நான் இன்னும் வேகமாகச் சைகை கொடுத்தேன். கயிறு இன்னும் வேகமாக இழுத்தது.

அப்போது புரிந்தது. இழு என்று சொல்லிக்கொண்டிருப்பவள் நான். அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

கையை எடுத்தேன்.

நின்றது.

சத்தமே இல்லை. எங்கள் குமிழிகளின் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. 12.53.

மெதுவாக... ஒரே ஒரு இழுப்பு.

நலமா?

பதில் கொடுக்கவில்லை.

நலமா?

கொக்கியில் கை வைத்தேன். பதினான்கு வருடமாக ஒவ்வொருவரிடமும் எதைச் செய்யக் கூடாது என்று சொன்னேனோ அதைச் செய்தேன். கழற்றினேன். கயிற்று முனை ஒரு கணம் என் முன்னால் நின்றது. பிறகு கீழே போயிற்று. விழவில்லை. போயிற்று.

ரொடியோனை இழுத்துக்கொண்டு பனியின் அடிவரை ஏறினேன். பிடிக்க ஒன்றுமில்லை. வழுவழுவென்று கண்ணாடிக் கூரை. வெளிச்சக் கோடு எங்கே? அவருக்கு நாற்பது. உள்ளங்கையால் தடவித் தடவிப் போனேன்.

படம் எடுத்த பெண் இன்னும் படுத்திருந்தாள். எங்களுக்கு நடுவே ஒரு முழம் பனி. முஷ்டியால் குத்தினேன். கத்தினேன்.

அவள் சிரித்தாள். கை ஆட்டினாள். இன்னொரு படம் எடுத்தாள்.

அவள் முகத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவளுக்கு அப்பால் ஒரு கோடு. மங்கலாக. பிடித்தேன். அவருக்கு இருபது. பத்து...

12.58. துளை.

ரொடியோனை முதலில் தள்ளினேன். அவர் பனிமேல் விழுந்து இருமினார். நான் பின்னால் ஏறினேன். உயிரோடு இருக்கிறார், கூட்டி வந்துவிட்டேன் என்று அழுதேன்.

ஜோரிக்தோ எங்களைத் தூக்க வரவில்லை. ஐந்தடி தள்ளி, கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றான். எங்களைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான்.

"இப்பக்கூட பதில் வந்துச்சே தாயா. தவறாம வந்துச்சு. நலம், நலம்னு..."

"கழட்டிட்டேன். கீழ யாருமில்ல. விட்ரு."

அவன் கையில் இருந்த கயிறு ஒருமுறை இழுபட்டது. நான் பார்த்தேன். ரொடியோனும் பார்த்தார்.

பிறகு தொடர்ந்து. விடாமல். வேகமாக.

மேலே இழு. மேலே இழு. மேலே இழு.

"விட்ருடா!"

"விடக் கூடாது தாயா. அந்தச் சைகை வந்துட்டா விடக் கூடாது. நீ அவரக் கூட்டிட்டுப் போ."

அவனைத் தனியாக விட்டுவிட்டு ரொடியோனைத் தாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. அதை மறைப்பானேன்.

இரண்டு மணிக்கு ஜோரிக்தோ வந்தான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. "கயிறு அறுந்துடுச்சு," என்றான். தேநீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ரொடியோன் ரயிலைப் பிடித்துவிட்டார். புது வருடத்துக்கு வாழ்த்து அனுப்புகிறார். அன்றைய நாளைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

மே மாதம் பனி போன பிறகு, படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கும்போது ஜோரிக்தோ தானாகவே வாயைத் திறந்தான்.

கயிறு அறுந்துபோகவில்லை. முழுதும் வந்தது. நாற்பது மீட்டரும் வந்தது, முனையில் நான் கழற்றிய கொக்கி வந்தது. கொக்கியில் இன்னொரு கயிறு மாட்டியிருந்தது. தார் பூசிய பழைய சணல் கயிறு. அதையும் இழுத்தான். கனமாகத்தான் வந்ததாம், கடைசி வரைக்கும். வெளியே வந்தபோது கனமே இல்லை.

"எரிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"தொட முடியல. திரும்ப உள்ளயே விட்டுட்டேன்."

"ஏன்? அப்படி என்ன இருந்துச்சு அதுல?"

தூரிகையைக் கீழே வைத்தான்.

"இடுப்புல மாட்டுற வளையம். மூணு. முதல் வளையம் சின்னதா இறுகிப் போயிருந்துச்சு, முடிச்சு கல்லு மாதிரி. உள்ள ஒண்ணும் இல்ல. மத்த ரெண்டும் தொறந்து இருந்துச்சு தாயா. முடிச்சு புதுசு. ஒண்ணு நல்லாப் பெருசு. இன்னொண்ணு... உன் இடுப்பளவு."