அண்ணன் செய்ததாகச் சொல்லும் மேசை

என் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பிரான்சிலிருந்து காரைக்காலுக்குத் திரும்பியபோது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் அவருடைய துணிமணி. மற்றதில் குளியல் துண்டுகளுக்கு நடுவே அடுக்கிய மரம். மரம் என்றால் கட்டையோ பலகையோ அல்ல. கல்யாணப் பத்திரிகை அட்டை கனத்தில் மெல்லிய தாள்கள். தூக்கிப் பிடித்தால் வளையும். "வெனீர்" என்றார். தங்கைக்கு ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அண்ணன் இருபத்திரண்டு வயதில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்துக்கொண்டு போனவர். கொஞ்ச காலம் பட்டாளம், பிறகு அங்கே ஓர் அரசு மாளிகையில் காவலாள். ஊரில் அவரை 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் எல்லாருக்கும் இங்கே அதுதான் பெயர். அண்ணி மகளோடு அங்கேயே தங்கிவிட்டார். "அந்த வேர்வையில நான் வந்து கெடக்க மாட்டேன்" என்று போனில் சொன்னார். அந்தக் குடும்பத்தில் அறிவுள்ளவர் அவர் ஒருவர்தான்.

வந்த மறுநாள் அண்ணன் ஒரு போட்டோவை என் முன்னால் வைத்தார். வளைந்த கால்களோடு ஒரு மேசை. மேற்பரப்பு முழுக்கப் பல நிற மரங்களை வெட்டிப் பதித்து ஒரு பூக்கூடையும் இரண்டு பறவைகளும் செய்திருந்தார்கள்.

"பதினேழு வருஷம் இந்த மேசை இருந்த ரூம்லதான் எனக்குக் காவல். இதே மாதிரி ஒண்ணு செய்யப்போறேன்."

"யாரு?"

"நான்தான்."

அண்ணன் ஓர் ஆணி அடித்து நான் பார்த்ததில்லை. "எதுக்குண்ணே மேசை?" என்றேன்.

"எழுதத்தான்."

"என்னா எழுதப்போறீங்க?"

அண்ணன் போட்டோவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

நான் தையற்காரி. முப்பது வருஷமாக ரவிக்கையும் கல்யாண கவுனும் சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கப் போகும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பும் தைக்கிறேன். வீட்டு முன்னறைதான் என் கடை. நடுவில் துணி வெட்டும் நீள மேசை. அதைத்தான் அண்ணன் பிடித்துக்கொண்டார். ஒரு பாதியில் யாரோ ஒரு மணப்பெண்ணின் சாட்டின், மறுபாதியில் அண்ணனின் மரத்தாள்களும் மூக்குக் கண்ணாடியும். சாட்டினில் சிராய்ப்பு விழுந்தால் யாரைப் போய்க் கேட்பது?

முதலில் வந்த தச்சர் போட்டோவைப் பார்த்ததும், "நாலு நாள் வேலை சார். பிளைவுட்ல அடிச்சு மேல பூப்போட்ட மைக்கா ஒட்டிட்டா இதைவிட நல்லா இருக்கும்" என்றார். அண்ணன் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். இந்தக் கதையில் வந்தவர்களிலேயே தெளிவான ஆள் அவர்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்து நெடுங்காட்டிலிருந்து ஓர் ஆசாரி வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பேச்சு குறைவு. பூவரச மரத்தில் சட்டமும் காலும் மூன்று இழுப்பறையும் செய்து, மேலே கனமான பிளைவுட் போட்டுத் தருவதாகச் சொன்னார். பிளைவுட் என்றதும் அண்ணன் முகம் சுளித்தார். பலகையானால் மழைக்கும் வெயிலுக்கும் ஊதிச் சுருங்கும், ஒட்டுவது எதுவும் நிற்காது என்று ஆசாரி சொன்னார். "அங்கேயெல்லாம் அப்படி இல்ல" என்றார் அண்ணன். இந்த வாக்கியத்தை அந்த வருஷத்தில் எத்தனை தடவை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. இங்கே ஆணி சரியில்லை, உப்புத்தாள் சரியில்லை, காற்றில் உப்பு. காற்றில் உப்பு இல்லாமல் கடற்கரை ஊரில் சர்க்கரையா இருக்கும்?

சட்டம் தயாரானதும் அண்ணன் தன் பெட்டியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள். தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் காய்ச்ச வேண்டுமாம். பெரிய மாளிகைகளின் மேசைகளை இதில்தான் ஒட்டுவார்களாம். ஆசாரி ஒரு மணியை எடுத்து மோந்து பார்த்தார்.

"சார், இது வச்சிரம்ங்க."

"என்னது?"

"மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கறது. எங்க அப்பா காலத்துல எல்லா வீட்டு நாற்காலியும் இதுலதான் ஒட்டுனது."

நான் சாட்டினில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். கடல் தாண்டி, விமானத்தில், துண்டுக்குள் சுற்றி, மாட்டுத்தோல் பசை! அண்ணன் டப்பாவை மூடினார். "இது வேற தரம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு வறுவல் தொடங்கியது. பூவிதழ்களின் ஓரம் லேசாகக் கருகினால்தான் இதழ் வளைந்த மாதிரித் தெரியும் என்று கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து, அலசி, என் வாணலியில் போட்டு அடுப்பில் வைத்தார். அந்தச் சூட்டு மணலில் மர இதழ்களை ஒவ்வொன்றாகச் செருகி எடுத்தார். முதல் தட்டு முழுக்கக் கரி. இரண்டாவது தட்டும் கரி. வீடெல்லாம் புகை. ரவிக்கை அளவு கொடுக்க வந்த பெண் ஒருத்தி, "என்னக்கா, கடலை வறுக்கறீங்களா?" என்றாள். அன்றைக்குச் செய்த மீன் வறுவலில் பல்லில் மணல் கடித்தது.

கருகாமல் தப்பிய இதழ்களை வெட்டிப் பொருத்தியது அதைவிடக் கொடுமை. மரத்தாளுக்கும் துணியைப் போல ஓட்டம் உண்டு. ரேகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் கத்தியை வைத்தால் பிளந்துவிடும். அண்ணன் குறுக்கே அழுத்துவார், தாள் பிளக்கும், "இங்கத்து ஈரம்" என்பார். இடப்பக்கத்துப் பறவைக்கு இறகு முன்னோக்கி முளைத்திருந்தது. மூன்று நாள் பொறுத்தேன். நாலாவது நாள் என்னால் முடியவில்லை.

"கொடுங்க இப்படி."

"உனக்கு இது தெரியாதும்மா."

"துணி வெட்டத் தெரிஞ்சவளுக்கு இதுல என்னா தெரியணும்? கொடுங்க."

அடியில் ஒரு தாள், மேலே ஒரு தாள். மேல் தாளில் இதழ் வடிவத்தில் துளை வெட்டி, அந்தத் துளை வழியாகவே கீழ்த் தாளில் அளவு எடுத்து வெட்டினால், வெட்டிய துண்டு துளையில் அப்படியே உட்காரும். ரவிக்கையில் ஒட்டுவேலை செய்பவள் தூக்கத்தில் செய்கிற காரியம். மணல் வறுவலையும் நானே எடுத்துக்கொண்டேன். அடுப்பைக் குறைத்துவைத்தால் போதும், அவ்வளவுதான் ரகசியம். இரண்டு வாரத்தில் கூடையும் பூவும் பறவைகளும் முடிந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்தபோது, "நான் செஞ்சது. கடைசியில தங்கச்சி கொஞ்சம் உதவி பண்ணுச்சு" என்றார் அண்ணன். கொஞ்சம்!

ஆசாரி வச்சிரம் காய்ச்சி எல்லாவற்றையும் பிளைவுட்டின்மேல் ஒட்டினார். அழுத்தி வைக்க இயந்திரம் இல்லை. அதனால் மேலே பலகை போட்டு, அதன்மேல் இரண்டு அரிசி மூட்டை, அம்மிக்கல், என் பழைய தையல் மெஷின் தலை. மூன்று நாள் கழித்துப் பிரித்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. ஆசாரி விளிம்பைச் சுற்றிப் பள்ளம் கீறி, பலா மரத்தில் மஞ்சள் கோடு ஒன்றைப் பதித்தார். அண்ணன் பக்கத்தில் நின்று "இன்னும் நேரா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோடு நேராகத்தான் இருந்தது.

பாலிஷ் போடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாத மழை. அம்பகரத்தூர்ப் பக்கம் வயலெல்லாம் தண்ணீர் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு காலை முன்னறைக்குப் போனால், வலப்பக்கத்துப் பறவையின் வயிறு உப்பியிருந்தது. பசை படாத இடத்தில் ஈரம் ஏறி மரத்தாள் கொப்புளம் போட்டிருந்தது.

"அண்ணே, உங்க பறவை முழுகாம இருக்கு!" என்று கத்திச் சிரித்தேன். வாசலில் நின்றிருந்த பால்காரர்வரைக்கும் கேட்டிருக்கும்.

அண்ணன் வந்து பார்த்தார். அங்கே அப்படி இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிட இறங்கி வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நானே மாடிக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நாள் பூச்சாடியிலேர்ந்து அந்த மேசைமேல ரெண்டு சொட்டுத் தண்ணி விழுந்துச்சு" என்றார், நான் எதுவும் கேட்காமலே. "கைக்குட்டையால ஒத்தி எடுத்தேன். மறுநாள் கூப்பிட்டு விசாரிச்சாங்க. காவலாளு மேசையைத் தொடக்கூடாதாம். இனிமே தொடமாட்டேன்னு எழுதவச்சுக் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

"துடைக்காம விட்டிருந்தா கெட்டுப்போயிருக்குமேண்ணே."

"அதையும் சொன்னேன். அதுக்குத் தனியா ஆள் இருக்காங்களாம்."

"அந்த ஆளு எங்க இருந்தாராம்?"

"லீவுல."

இத்தனை மாதமும் அண்ணன்மேல் கொட்டிய ஏளனத்தில் பாதியை அந்த மாளிகைக்கு அனுப்பிவைக்க வழி இருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். மீதிப் பாதி அவருக்கே இருக்கட்டும். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் வறுவலை நானே செய்திருப்பேன், என் வாணலியாவது மிஞ்சியிருக்கும்.

ஆசாரிக்குப் போன் போட்டேன். "வச்சிரம்தானேக்கா, சூட்டுக்கு இளகும். பிளேடால ரேகையோட ஒரு கீறல் போட்டு, உள்ள கொஞ்சம் பசை விட்டு, ஈரத்துணி வச்சு அயர்ன் பண்ணுங்க. அந்த வேலை எங்களைவிட உங்களுக்கு நல்லா வரும்" என்றார். அண்ணன் பசைப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். கீறினேன். பசையை ஊசி முனையால் உள்ளே தள்ளினேன். ஈரத்துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தேன். சூடு ஆறும்வரை அம்மிக்கல்லை ஏற்றினோம். வயிறு படிந்துவிட்டது. குனிந்து தேடினால் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும்.

மழை விட்டதும் ஆசாரி வந்து பாலிஷ் போட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணனின் பென்ஷன்கார நண்பர்கள் மூன்று பேர் பார்க்க வந்தார்கள். அண்ணன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, மேசைக்கு ஓரமாக நின்றார். ஒருவர் காபி டம்ளரோடு நெருங்கியதும், "தொடாதீங்க, தூரமா நின்னு பாருங்க" என்றார். எனக்குக் கோபமே வந்தது. வந்தவர்களும் நல்ல பிள்ளைகளாக இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்கள்.

மாதம் ஒன்று ஆயிற்று. அண்ணன் தினமும் மேசையைத் துடைத்தார். உட்காரவில்லை. பிறகு, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு, பென்ஷன்காரர்களுக்குப் பிரான்சிலிருந்து வருஷா வருஷம் வரும் படிவம் வந்தது. அதை நிரப்பி, ஆபீசில் முத்திரை வாங்கி அனுப்பினால்தான் பென்ஷன் நிற்காது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போய், சாம்பார்க் கிண்ணத்தை நகர்த்தி இடம் செய்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. படிவத்தைப் பிடுங்கி முன்னறைக்குக் கொண்டுபோய் அந்த மேசைமேல் போட்டேன். நாற்காலியை இழுத்து வைத்தேன்.

"உட்காருங்க."

"பேனா கீறிடும்மா."

"கீறட்டும். பாலிஷ் இன்னும் மிச்சம் இருக்கு."

உட்கார்ந்தார். முழங்கையை மேலே வைக்காமல் ஒடுக்கிக்கொண்டே பெயரை எழுதினார். பிறந்த ஊரை எழுதினார். பிறகு நிமிர்ந்து, "அம்மா பொறந்த வருஷம் உனக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. அம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கும் என்று நான் பீரோவைத் தேடப் போனேன். திரும்பி வரும்போது முழங்கைகள் இரண்டும் பூக்கூடைமேல் இருந்தன.