இம்மானுவேல் துடைத்த தழும்பு

கும்மிடிப்பூண்டி பஜாரில் இம்மானுவேலின் ஸ்டுடியோவுக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர்தான். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஊரில் பாதிப் பேருக்கு முகம் போட்டுக் கொடுத்தவர் அவர். சிப்காட்டில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அடையாள அட்டைப் படம், ஞானஸ்நானம், பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கடைசியில் மாலை போட்டு மாட்டுகிற படம் எல்லாம் அவர் கைதான். சிரிக்கச் சொல்ல மாட்டார். மோவாயைக் கொஞ்சம் இறக்கு என்பார், அவ்வளவுதான். அவர் சிரித்தும் நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, இலையில் வெளிச்சம் சரியில்லை என்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் புதுக் கேமரா வாங்கினார். வாங்கினவர்களுக்கெல்லாம் சென்னையில் ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். படத்தை ரா ஃபைலாக எடுங்கள், ஜேபெக்கில் எடுக்காதீர்கள் என்று வகுப்பெடுத்தவர் காலையில் ஆரம்பித்துச் சாப்பாட்டு வேளை வரைக்கும் சொன்னாராம். இம்மானுவேல் திரும்பி வந்து எனக்கும் விளக்கினார். ரா என்றால் கேமரா தன் கண்ணில் பட்டதையெல்லாம் அப்படியே மூட்டை கட்டி வைத்துக்கொள்ளும். ஜேபெக் என்றால் இவ்வளவு போதும் என்று கேமராவே தீர்மானித்து, கொஞ்சம் மெருகேற்றி, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். போட்டது போட்டதுதான், திரும்ப வராது. இரும்பு கட்டியாக இருக்கும்வரை எந்தக் கனத்துக்கும் கம்பி இழுக்கலாம், எட்டு மில்லி கம்பியாக இழுத்த பிறகு பதினாறு கேட்டால் ஆகுமா என்றார். சிப்காட் ஊரில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

மூன்று மாதம் ராவிலேயே எடுத்தார். ஒரு கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் திறக்கக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்து எழுந்து வந்தாலும் அது மாப்பிள்ளை அழைப்பிலேயே நின்றுகொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ரா படம் திருத்துவதற்கு முன்னால் மங்கலாகத் தெரியும். அந்த நிலையில் அதைப் பார்த்துவிட்ட ஒரு மாமியார், பொண்ணு எப்படி இவ்வளவு கறுத்துப் போனாள் என்று ஸ்டுடியோவிலேயே சண்டைக்கு நின்றார். சாயந்திரத்துக்குள் வாட்ஸ்அப்பில் படம் வேண்டும் என்று நச்சரித்தவர்கள் தனி.

"எப்டியும் வாட்ஸ்அப்புல போயி நசுங்கப் போற படம். அதுக்கு இன்னாத்துக்கு ரா?" என்று என்னிடம் சொன்னார். மறுநாள் கேமராவை ஜேபெக்குக்கு மாற்றினார். தோலை வழவழப்பாக்குகிற வசதியையும் அதிலேயே திறந்துவிட்டார். இடம் வேண்டும் என்று அந்த மூன்று மாதத்து ரா ஃபைல்களை அழித்தார். திருத்தி முடித்த ஜேபெக்குகள் மட்டும் மிஞ்சின.

அதன் பிறகு கும்மிடிப்பூண்டியில் கறுப்பாக யாரும் இல்லை. பரு இல்லை, அம்மைத் தழும்பு இல்லை, கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. மூன்று ஷிப்டு மாறி மாறிப் பார்க்கிறவர்கள்கூட நன்றாகத் தூங்கி எழுந்தவர்களாக இருந்தார்கள். எல்லாருக்கும் திருப்தி. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

சின்னதுரையும் குறை சொல்லவில்லை. கம்பி இழுக்கிற ஆலையில் வேலை பார்த்தவர், சாந்தமான மனிதர். அவர் கன்னத்தில் ஒரு தீக்காயத் தழும்பு உண்டு. எப்போது படம் எடுக்க வந்தாலும், உட்காருவதற்கு முன்னால் இம்மானுவேலிடம் மெதுவாக, "அண்ணே, அத்த மட்டும் எட்த்துடு" என்பார். இம்மானுவேலும் எடுத்துவிடுவார். ஆலை அடையாள அட்டைக்கு ஒரு தடவை, வங்கிக்கு ஒரு தடவை, மகள் ஸ்நேகாவின் புதுநன்மைக்குக் குடும்பமாக எடுத்துக்கொண்டது ஒன்று, மச்சினன் கல்யாணத்தில் ஒன்று. ஆக நான்கு தடவை துடைத்திருக்கிறார்.

போன தை மாதம் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதே சின்னதுரைக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நாற்பத்தாறு வயது. முப்பதாம் நாள் பூசைக்கு வைக்கப் படம் வேண்டும் என்று அவர் மனைவி ரோசம்மாள் வந்தார். புதுநன்மைப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தார் இம்மானுவேல். நல்ல படம், நானும் பார்த்தேன். பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது அதே படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ரோசம்மாள் திரும்பி வந்தார்.

"அண்ணே, இது அவுரு இல்ல."

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. இம்மானுவேல் நிதானமாக, எந்தத் தேதியில் எடுத்தது, அன்று அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்றெல்லாம் சொன்னார். ரோசம்மாள் அதையெல்லாம் மறுக்கவில்லை. கன்னத்தில் தழும்பு எங்கே என்று மட்டும் கேட்டார். கல்யாணமான இரண்டாம் மாதம், ஆலையில் சூடான இரும்புத் துணுக்கு ஒன்று பறந்து வந்து பட்டதாம். நாற்பது நாள் மருந்து போட்டு ஆற்றியது ரோசம்மாள்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு வளர்ந்ததே அந்த நாற்பது நாளில்தானாம். அதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் கூச்சம்.

தழும்போடு ஒரு படம் வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். இம்மானுவேல் இரண்டு நாள் தேடினார். ரோசம்மாளின் போனில் இருந்த படங்களையும் வாங்கிப் பார்த்தார். அந்தப் போன் யாரும் கேட்காமலே எல்லாரையும் வெளுத்து வைத்திருந்தது. ஆதார் அட்டையில் ஒரு கறுப்புத் திட்டு, அதில் மூக்கு எது என்றே தெரியவில்லை. ஆலை அட்டையில் இருந்தது இம்மானுவேலே துடைத்துக் கொடுத்த படம்.

புதுநன்மை நடந்தது அவர் ராவில் எடுத்த அந்த மூன்று மாதத்துக்குள் என்பது இரண்டாம் நாள்தான் அவருக்கு நினைவு வந்தது. அதாவது, சின்னதுரையின் கன்னம் உள்ளபடியே, ஒரு சுருக்கம் விடாமல் அவரிடம் இருந்திருக்கிறது. எழுந்து வந்து என் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

அன்று மத்தியானம் ரோசம்மாள் வந்ததும் மழுப்பாமல் சொன்னார்.

"இருந்துச்சிம்மா. நாந்தான் அயிச்சுட்டேன். எடம் பத்தலன்னு."

ரோசம்மாள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. நாளைக்குப் பூசை என்று மட்டும் சொன்னார். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கையாலேயே வரைந்துவிடலாம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு என்றார் இம்மானுவேல். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தப் பக்கம்மா?"

நான் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினேன். நான்கு தடவை தன் கையால் துடைத்த மனிதர் கேட்கிற கேள்வியா இது என்று அவர் மேல் ஆத்திரம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சின்னதுரை மாதம் ஒரு தடவையாவது என் கடைக்கும் வந்தவர்தான், எதிரில் நின்று பேசியவர்தான். எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

கடையைப் பாதி சாத்திவிட்டு ஸ்டுடியோவுக்குப் போய் ஓரமாக நின்றேன். வலது கன்னம் என்று ரோசம்மாள் தன் கன்னத்திலேயே தொட்டுக் காட்டினார். இம்மானுவேல் மௌஸால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நிறம் வைத்தார். அவ்வளவு கறுப்பு இல்லை என்றார் ரோசம்மாள். நடுவில் வெளுப்பு, ஓரத்தில் மட்டும் கறுப்பு. இன்னும் கீழே. காதுப் பக்கம் கொஞ்சம் இழு. மழமழவென்று இருக்கக் கூடாது, விரல் வைத்தால் சொரசொரக்கும். இப்படியே இரண்டு மணி நேரம் போனது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு முகத்தில் தழும்பு வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடுவில் ஒரு தடவை, தன்னால் சும்மா இருக்க முடியாமல், "அத்த எட்த்துடுன்னு அவுருதாம்மா சொல்வாரு" என்றார் இம்மானுவேல்.

"அவுருக்குத்தான் புடிக்காதுண்ணே. எனக்குப் புடிக்கும்."

இம்மானுவேல் மறுபடி திரைக்குத் திரும்பினார். ஒரு கட்டத்தில் ரோசம்மாள் போதும் என்று கையைக் காட்டினார். திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இம்மானுவேல் படத்தைச் சேமிக்கப் போனார். வழக்கம்போல, எந்த ஃபைலாகச் சேமிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஒரு நீளப் பட்டியலைக் காட்டியது. ரோசம்மாள் கேட்டார்.

"இன்னொரு தபா யாரும் அத்த எடுக்க முடியாத மாதிரி குடுண்ணே."

இம்மானுவேல் பட்டியலை மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். அப்படி ஒன்று கேமராவிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை என்றார். காகிதத்தில் போட்டுக் கொடுத்தார். ரோசம்மாள் மை காயும்வரைகூடப் பொறுக்காமல் படத்தின் வலது கன்னத்தில் விரலை வைத்தார்.