நாலு சக்கரமும் இழுத்த நாள்

எழுபதுகளில் மாமல்லபுரம் கடற்கரையில் மீன் ஏற்றப் போனால், என் பழைய பிக்கப் வண்டி தினமும் மணலில் புதையும். கூடைக்காரப் பெண்கள் தள்ளி ரோட்டில் ஏற்றுவார்கள். தள்ளியதே கூலியாக, காசு கொடுக்காமல் அதிலேயே திருக்கழுக்குன்றம் சந்தைக்கு வருவார்கள். எனக்கோ மானம் போகும்.

ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்பின் முன் அச்சையும் அதை இயக்கும் லீவரையும் வாங்கி, நாலு சக்கரமும் இழுக்கும்படி மாற்றினேன். முதல் நாளே வண்டி ஜம்மென்று ரோட்டில் ஏறியது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் மணலிலேயே நின்றார்கள்.

"இன்னா, யாரும் ஏறலியா?"

"தள்ளவே இல்லியே அண்ணாத்த, எப்டி ஏறுறது?" என்றாள் அஞ்சலை.

எவ்வளவோ கூப்பிட்டேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனார்கள்.

மறுநாள் முன்சக்கர லீவரைத் தொடாமல் மணலில் இறங்கினேன். வண்டி புதைந்தது. முதலில் கை வைத்தவள் அஞ்சலைதான். வண்டி சிக்கியதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.