ரேஷன் கடைச் சுவரும் பூக்காரி தர்க்கமும்

"படிச்ச பிள்ளைக்குத் தர்க்கம் வராதும்மா. உனக்குக் கேள்வித்தாள் கைக்கு வந்தாத்தான் பதில் வரும்" என்று நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் காதர் பாய், நான் முதல் மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்னிடம் சொன்னார். கோபத்தில் இல்லை, டீயை ஆற்றிக்கொண்டே, எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை டாக்டர் தெரியப்படுத்துகிற மாதிரி சொன்னார். அவர் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். பேய், காத்து, கருப்பு எதையும் நம்பாதவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், எம்.ஏ. தமிழ், அதுவும் முதல் வகுப்பு. எங்கள் தெருவில் யாருக்காவது காத்து அடித்துவிட்டது என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை எடுங்கள் என்று அனுப்பி வைப்பவள்.

எங்கள் நாடகத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டை ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊரிலிருந்து, பபூனை வேறொரு ஊரிலிருந்து தனித்தனியாகத் தேதி வாங்கி வரவழைப்பார்கள். மேக்கப் போடுகிற இடத்தில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது, அதுவும் பாதிப் பவுடரோடு. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் சமாளித்துவிடலாம். ஆனால் நடுவில் தர்க்கம் என்று ஒன்று வரும். ராஜாவும் நாயகியும் கேள்வி கேட்டு ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். என்ன கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்க ஆளும் கிடையாது. முதல் மேடையில் பதில் வராமல் நின்றவளை அப்புறம் எந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள்.

என் அம்மா செங்கல் சூளையில் கல் சுமந்து என்னைப் படிக்கவைத்தவள். படித்து முடித்துவிட்டு நாடகத்துக்குப் போகிறேன் என்றதும் இரண்டு நாள் திட்டித் தீர்த்தாள். மூன்றாம் நாள், ஒரே ஒரு மேடை ஏறிக்கொள், அதில் நின்றுபோனால் திங்கட்கிழமையே பைபாஸ் ரோட்டு ஜவுளிக்கடை ஆபீஸ் வேலைக்குப் போய்விட வேண்டும் என்றாள். சரி என்றேன். என்ன தைரியம் என்றால், பூக்காரி வேஷத்துக்காக இருநூறு பக்க நோட்டு ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். பூக்களின் பெயர், நிறம், நிலம், பொழுது, அம்புட்டும் அதில் இருந்தது.

சமயநல்லூர் பக்கத்தில் ஒரு ஊர்ப் பொங்கல். போலீஸ் பர்மிஷன் பதினொரு மணி வரைதான் என்பதால் ஆறு மணிக்கே ஆரம்பித்து, எட்டரைக்கெல்லாம் தர்க்கம் வந்துவிட்டது. பேய் வருகிற நேரமா அது? பாதி ஊருக்கு டிவி சீரியலே முடிந்திருக்காது. மேடையில் எனக்கு எதிரே சோலைமலை அண்ணன், அறுபது வயதிலும் ராஜபார்ட், தர்க்கத்தில் தோற்றதாக ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. பூ வாங்க வந்த ராஜா பூக்காரியை மடக்கிக் கல்யாணம் முடிக்கிற கதை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு முதல் கேள்வியைப் போட்டார்.

"சாமிக்கும் ஆகாது, சம்சாரிக்கும் ஆகாது. ஆனாலும் பூக்காரி அதைக் கூடையை விட்டுத் தூக்கிப் போட மாட்டா. அது என்ன பூ?"

மனதுக்குள் நோட்டைப் புரட்டினேன். எருக்கு? அது பிள்ளையாருக்கு ஆகும். ஊமத்தை? அது சிவனுக்கு ஆகும். காதர் பாய் எனக்காக ஆர்மோனியத்தில் ஒரு சுற்று இழுத்தார், இன்னொரு சுற்று இழுத்தார், மூன்றாவது சுற்றில் என்னை நிமிர்ந்து பார்த்தார். பபூன் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பின்னால் தொங்கின திரைக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல், என் காதுக்கு ஒரு முழத்தில், அலுத்துப்போய்ச் சொன்னது.

"நேத்து விக்காத பூவுடி. இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா?"

அப்படியே சொன்னேன். நேற்று விற்காத பூ, விவரம் தெரியாத ராஜா எவராவது வருவார், அவர் தலையில் கட்டலாம் என்று வைத்திருக்கிறேன் என்று அந்தக் குரல் சொல்லச் சொல்லச் சொன்னேன். விசில் பறந்தது.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்குப் பயமே வரவில்லை. உள்ளூரில் பழைய நடிகை யாரோ இரக்கப்பட்டுத் திரைக்குப் பின்னால் நிற்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ரோஷம்தான் வந்தது. எம்.ஏ. படித்தவளுக்கு ஒருத்தி எடுத்துக்கொடுப்பதா? அதனால் அடுத்ததாக, பூமாலையில் பூ பெரிசா நார் பெரிசா என்று அண்ணன் கேட்டதும், குரலுக்குக் காத்திருக்காமல் நானே ஐந்து வகை நாரின் இயல்புகளை விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவது நாருக்குள் கூட்டம் கலகலத்துவிட்டது.

"ஏய், சனம் பஜ்ஜி திங்க எந்திரிக்குது பாரு" என்றது குரல். "கட்டுற கைதான் பெரிசுன்னு சொல்லு. அவ கட்டாட்டி நாரும் குப்பை, பூவும் குப்பை."

சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல். அம்மாவும் தட்டினாள், முந்தானை வாயில் இருந்தபடியே.

அண்ணன் மூன்றாவது கேள்விக்குத் தொண்டையைச் செருமினார். அதற்குள் குரல் முந்திக்கொண்டது, அவனைக் கேட்க விடாதே, நீ கேள் என்றது. என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியாமல் கேட்டேன்.

"ராஜா, அலங்காநல்லூர் மேடையில பாதியில எறங்கி ஓடுனீங்களே, அந்தக் கேள்விக்குப் பதில் கெடைச்சிருச்சா?"

அவர் கையிலிருந்த கோல் கீழே விழுந்தது. கிரீடத்துக்குள்ளிருந்து வேர்வை மையைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "தோத்துட்டேன் தாயி" என்றார். கதைப்படி ஜெயிக்க வேண்டியவர் அவர், தோற்றால் கல்யாணம் எப்படி நடக்கும்? பபூன்தான் ஓடிவந்து, தோற்ற ராஜா ஒரு வருஷம் பூக்கட்டி அபராதம் கழித்த பிறகு கல்யாணம் என்று புதுச்சட்டம் போட்டுக் கதையைக் காப்பாற்றினார்.

நாடகம் முடிந்ததும் நன்றி சொல்லத் திரைக்குப் பின்னால் போனேன். போக முடியவில்லை. திரையை ரேஷன் கடைச் சுவரை ஒட்டி ஆணியடித்திருந்தார்கள். திரைக்கும் சுவருக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழையவில்லை. ஒரு பல்லி மட்டும் இருந்தது, அது பேசுகிற ரகமாகத் தெரியவில்லை.

ஆர்மோனியத்தை மூடிக்கொண்டே காதர் பாய், "யாரும்மா அந்த அக்கா?" என்று கேட்டார். எந்த அக்கா என்றேன். மெதுவாகச் சொல்லுங்கக்கா என்று மைக்கில் நீதானே சொன்னாய் என்றார். அப்படி நான் சொல்லவேயில்லை. யாரோ செல்போனில் எடுத்திருந்த வீடியோவை வாங்கிப் பார்த்தேன். என் குரலையும் அண்ணன் குரலையும் ஆர்மோனியத்தையும் தவிர அதில் வேறு குரலே இல்லை. ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் நான் தலையைச் சாய்த்து "ம்... ம்..." என்கிறேன். பிறகு தெளிவாக, "மெதுவா சொல்லுங்கக்கா" என்கிறேன். குரலுக்குச் சொந்தக்காரி எனக்கு மூத்தவள் என்று எனக்கு எப்படித் தெரிந்தது?

வேனுக்குப் பக்கத்தில் சோலைமலை அண்ணன் தேங்காய் எண்ணெய் தேய்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாருண்ணே அது என்று கேட்டேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அலங்காநல்லூரில் உன்னை மாதிரியே முதல் மேடை ஏறின பெண் ஒருத்தி, இதே மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டாள், நான் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன் என்றார். "திரைக்குப் பின்னால நிக்கிறவ புதுசா வர்ற பிள்ளைக பக்கம்தான் தாயி. எங்கிட்டப் பேச மாட்டா."

"அப்படி என்ன கேள்விண்ணே?"

"அதுதான் மறந்துபோச்சு. என்னன்னு தெரியாம நிம்மதியாத் தூங்கி எம்புட்டு நாளாச்சு தெரியுமா? அடுத்த தடவை வந்தா நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பார்த்தால், கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை அம்மா ஜவுளிக்கடைப் பேச்சே எடுக்கவில்லை, தெருவெல்லாம் என் பதில்களைத் தன் பதில்களாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அண்ணனே சொல்லி, பேரையூரில் அவருக்கு எதிராக எனக்குத் தேதி வந்திருக்கிறது. நான் இன்னமும் எதையும் நம்பவில்லை, அதை எழுதியே தருகிறேன். ஆனால் நேற்று பேரையூர் விழாக் கமிட்டிக்காரருக்குப் போன் போட்டு, பின்திரைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நிற்கிற அளவுக்கு இடம் விட்டுக் கட்டச் சொல்லிவிட்டேன். எதுக்கும்மா என்றார். காற்றோட்டத்துக்கு என்றேன்.