இனிப்புக்கு ஒரு முறிவு

“பாகற்காய் ஜூஸ் குடிக்காம இருந்திருந்தா எவ்ளோ ஏறியிருக்கும்?”

இது சேகர் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி.

அம்பத்தூரில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் டயட் கவுன்சலராக இருக்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களை உட்காரவைத்து, என்ன சாப்பிடலாம், மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று சொல்வது என் வேலை. நான்கு வயது மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடிவருவேன். அவள் தண்ணீர் பாட்டிலை வைத்தேனா என்ற சந்தேகத்தோடுதான் முதல் ஆளிடம் பேசவே தொடங்குவேன்.

சேகர் அண்ணன் மேனாம்பேட்டில் இருந்து வருவார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வலது குதிகாலில் ஆறாத புண். சர்க்கரை இறங்காவிட்டால் எலும்பு வரை போய்விடும், காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரேக் மிதிக்கிற கால் அது.

ஒரு நாள் சாப்பிட்ட பிறகு எடுத்த டெஸ்டில் சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன்.

“நாலு இட்லி. அப்பால ரெண்டு மாம்பழம். சீசன் ஆச்சே சிஸ்டர்.”

“மாத்திரை போட்டீங்களா அண்ணா?”

“அது எதுக்கு? எழுந்ததும் ஒரு டம்ளர் பாகற்காய் ஜூஸ் ஊத்திக்கினேன். கசப்பு இனிப்ப முறிச்சுடும்ல?”

பக்கத்தில் இருந்த அவர் மனைவி செல்வி அக்கா விடவில்லை. “இவுரு கண்ணாடில மூஞ்சப் பாத்துக்கினாலே போதும், கசந்துடும். ஜூஸ் வேறயா?”

சர்க்கரை பார்க்கும் மெஷினை அவர் பக்கம் திருப்பி, “முறிக்கலையே அண்ணா, பாருங்க” என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் படித்த பாடத்தில் முறிவு என்று ஒன்று கிடையாது. ஆனால் அவருக்குப் புரிகிற சொல் அதுதான் என்று தோன்றியது. “ஜூஸ் உங்க இஷ்டம். உங்க சர்க்கரைய முறிக்கிறது இந்த மாத்திரைதான். அத விடாதீங்க.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!” என்று மலர்ந்த முகத்தோடு போனார். எனக்கும் திருப்தியாக இருந்தது.

அடுத்த முறை வந்தபோது புண் பெரிதாகியிருந்தது. மாம்பழத்தைத் தொடவே இல்லை என்றார். செல்வி அக்காவும் சத்தியம் செய்தார். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பிரிக்காமல் இருந்தது.

“நீதானே சிஸ்டர் சொன்னே, இனிப்ப முறிக்கிற மாத்திரைன்னு? நான்தான் இனிப்பே துன்னலியே. சும்மா கீற உடம்புல முறிவு மாத்திரை போட்டா அது இன்னாத்த முறிக்கும்? என்னியத்தான் முறிக்கும்!”

இட்லியும் சோறும்கூட உடம்பில் சர்க்கரையாகத்தான் மாறும், அதனால் மாத்திரை தினமும் வேண்டும் என்று விளக்கினேன். “அப்போ சோத்துக்கே முறிவா?” என்று யோசனையோடு கேட்டார். சோற்றை விட்டுவிட்டு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு மயங்கி விழுந்துவிடுவாரோ என்று எனக்கு அடுத்த பயம் வந்துவிட்டது.

வழி கண்டுபிடித்தது செல்வி அக்காதான். “இனிமே சாப்ட்டு மாத்திரை போட்டாத்தான் வண்டி சாவி.” அதன்பின் மாத்திரை தவறவில்லை. புண்ணும் ஓரங்களில் காயத் தொடங்கியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடி மார்க்கெட்டில் மகள் அடம்பிடித்து ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரை அவள் வாயருகே கொண்டுபோய், “குடி, முறிச்சுடும்” என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் என் காதிலேயே விழுந்தது. இரவு சளி பிடிக்கவில்லை. வெந்நீர் கொடுக்காமல் இருந்திருந்தால் பிடித்திருக்குமா? தெரியாது. நாளைக்கும் கொடுப்பேன்.

அந்தச் சொல் எனக்குள்ளேயே இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. நோயாளியிடம் பேசும்போது அதைக் கடன் வாங்கினால், கூடவே அதன் கணக்கும் வந்துவிடும் என்பதை இப்போதுதான் கற்றிருக்கிறேன்.

தன் மகளின் பிரசவத்துக்காகச் செல்வி அக்கா அடுத்த வாரம் நெமிலிச்சேரிக்குப் போகிறார். சாவி இனி அண்ணன் சட்டைப் பையில் இருக்கும். அதற்குள் அவரிடம் ஒருமுறை பேச வேண்டும். இதைப் படிக்கிறவர்களைக் கேட்கிறேன்: இனிப்பே சாப்பிடாத நாளிலும் மாத்திரை வேண்டும் என்பதை உங்கள் வீட்டில் என்ன சொல்லிப் புரியவைத்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.