நூற்றுச் சொச்சம் எழுத்துகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தார். சனிக்கிழமை பஸ் ஏறிப் போனால் திங்கள் காலையில்தான் திரும்புவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, துறைக்குப் புதிதாக வந்திருந்த தடித்த புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அதுவரை கண்டறிந்த புரதங்களின் அமைப்பைத் திரட்டிய தொகுப்பு அது. புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் மணி கோத்தாற்போல் சேர்ந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் ஆங்கில எழுத்து. அதனால் பக்கம் பக்கமாக எழுத்துகள்தான், வாக்கியமே கிடையாது. எதை எங்கே தேடுவது, இரண்டை எப்படி ஒப்பிடுவது என்று முன்பகுதியில் விளக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் இருந்தால் சுலபம் என்றும் ஒரு வரி. எங்கள் கல்லூரியில் அதை யாரும் கண்ணால் கண்டதில்லை.

ஞாயிறு மத்தியானம், தீவனம் வைத்துவிட்டு வந்தவரைப் பிடித்து உட்கார வைத்தேன். உயிரணுக்கள் சுவாசிக்க உதவும் சிறு புரதம் ஒன்று மனிதனுக்கும் உண்டு, கோழிக்கும் உண்டு. மனிதனுடையதைத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். கோழியுடையதைப் புத்தகத்தில் நான் படித்தேன். நான் ஓர் எழுத்து சொல்ல, அதே இடத்து எழுத்தை அவர் சொல்ல வேண்டும்.

மூன்றாவது எழுத்தே மாறியது. பின்னே ஒன்றாகவா இருக்கும் என்று சிரித்தார். கொஞ்சம் தள்ளி இன்னும் ஓரிரண்டு மாறின. அதற்கப்புறம் வெகுதூரம் மாறவேயில்லை. கே, சி, எஸ், க்யூ என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் குரல் மெல்ல இறங்கி, நின்றுவிட்டது.

"ஏம்மிணி, என்ற தாளப் பாத்தா படிக்கறே?"

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். நம்பாமல் அதை வாங்கிக்கொண்டு, தாளை என்னிடம் தந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். அதேதான். நூற்றுச் சொச்சம் எழுத்தில் மாறியவை ஒரு டஜனைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே.

பரீட்சையில் இதை எழுதியவள் நான், வகுப்பில் நடத்தியவளும் நான். ஆனாலும் இரண்டு குரலில் காதால் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. கோதுமைக்கு உண்டா என்று கேட்டார். இருந்தது. அதில் நிறைய மாறியது. இருந்தும் நடுநடுவே சில துண்டுகள் அப்படியே ஒத்துவந்தன.

"சப்பாத்தி மாவுலயுமா இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

தொழில் ஒன்றும் மாறிவிடவில்லை. அடுத்த வாரமும் லாரி வந்தது, முட்டையிடுவது நின்ற கோழிகளைக் கறிக்கு ஏற்றி அனுப்பினார்.

வகுப்பிலும் இரண்டு மாணவிகளை அப்படியே படிக்கச் சொன்னேன். முடிந்ததும் மேச்சேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "செம்மறி ஆட்டுக்கு இருக்குதுங்களா, மேடம்?" என்றாள். அவர்கள் வீட்டில் ஆட்டுப்பட்டி உண்டு. பக்கத்தைப் புரட்டினேன். ஆட்டுக்கு நேரே எழுத்துகளே இல்லை. மாட்டுக்கு உள்ளதேதான், அங்கே பார்க்கவும் என்று ஒரு குறிப்பு மட்டும். ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை என்று சொன்னேன்.

அவள் முன்னால் வந்து அந்தக் குறிப்பில் விரல் வைத்துத் தானே படித்தாள். போய் உட்காரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.